கங்கையா, கால்வாயா?

ஹரித்வாரின் ஹர் கி பௌரி படித்துறையில் அந்தி நேரத்தில் நிற்பவருக்கு இந்தக் கேள்வியே அபத்தமாகப் படும். எதிரே பச்சை நிறத்தில் சீறிக்கொண்டு ஓடும் நீர். அது இழுத்துக்கொண்டு போய்விடாமலிருக்க இரும்புச் சங்கிலியைப் பற்றியபடி முழுகி எழும் பெண்கள். பூவும் விளக்கும் ஏந்திய இலைத் தொன்னைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போகின்றன. மணிகள் ஒலிக்க, பூசாரிகள் அடுக்கு தீபங்களை உயர்த்த, ஆயிரக்கணக்கான குரல்கள் ஒரே நேரத்தில் கங்கைத் தாய்க்கு ஜே போடுகின்றன. இது கங்கை இல்லையென்றால் வேறு எதுதான் கங்கை?

ஆனால் அரசாங்கக் கோப்பு ஒன்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஹர் கி பௌரி வழியாகப் பாய்வது ஆறு அல்ல, உபரி நீரை வெளியேற்றும் கால்வாய் என்று 2016 டிசம்பரில் உத்தராகண்ட் அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. அப்போது முதல்வராக இருந்தவர் காங்கிரசின் ஹரீஷ் ராவத். காரணம் பக்தியும் அல்ல, பகுத்தறிவும் அல்ல. கங்கைக் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டிப்பு காட்டிய நேரம் அது. ஹரித்வாரிலோ ஓட்டல், தர்மசாலை, ஆசிரமம், கடை என்று எல்லாமே ஆற்றை ஒட்டித்தான் நிற்கின்றன. கட்டடங்களை நகர்த்துவது கடினம். ஆற்றின் பெயரை மாற்றுவது சுலபம். ஒரே கையெழுத்தில் கங்கை கால்வாயாகிவிட்டது.

கொதித்துப் போனவர்கள் ஹரித்வாரின் பண்டாக்கள். இவர்களுடைய கோபத்தைப் புரிந்துகொள்ள இவர்கள் செய்யும் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வடஇந்தியக் குடும்பம் ஒன்று அஸ்தி கரைக்க ஹரித்வார் வந்தால் நேராகத் தங்கள் பரம்பரைப் பண்டாவைத் தேடிப் போகும். அவர் பூர்வீக ஊரையும் சாதியையும் கேட்பார். பிறகு நீளமான ஏடு ஒன்றை விரிப்பார். 'பஹி' எனப்படும் அந்தப் பேரேட்டில் குடும்பத்தின் பல தலைமுறைகள் இருக்கும். யார் எப்போது வந்தார், யாருடைய அஸ்தியைக் கரைத்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். கொள்ளுத்தாத்தா போட்ட கையெழுத்தைப் பார்த்துக் கண் கலங்குபவர்கள் உண்டு. பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் பழைய ஊரோடு மிஞ்சியிருக்கும் தொடர்பே இந்த ஏடுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த வம்சாவளி ஆய்வுச் சங்கம் இந்த ஏடுகளில் பலவற்றை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்திருக்கிறது.

இத்தனை தலைமுறைகளின் சாம்பலும் ஒரு கால்வாயில்தான் கரைந்ததா? பண்டாக்கள் எழுப்பிய கேள்வி இதுதான். அதற்கு அரசிடம் பதில் இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பொறியாளரின் கண்ணால் பார்த்தால் அந்த உத்தரவு முழுப் பொய்யும் அல்ல.

மலையிலிருந்து இறங்கும் கங்கை ஹரித்வாருக்குச் சற்று மேலேயே பல கிளைகளாகப் பிரிகிறது. பெரிய பிரிவு சண்டி தேவி குன்றின் அடிவாரமாக, ஊருக்குக் கிழக்கே அகன்று போகிறது. அதன் பெயர் நீல் தாரா. யாத்ரிகர்கள் குளிக்கும் பிரிவு மேற்கே, ஊரை ஒட்டி ஓடுவது. இதில் எவ்வளவு நீர் வர வேண்டும் என்பதை பீம்கோடா தடுப்பணையின் மதகுகள் தீர்மானிக்கின்றன. ஹர் கி பௌரியைத் தாண்டி மாயாப்பூருக்கு வந்ததும் இந்த நீரில் பெரும்பகுதி மேல் கங்கைக் கால்வாயாக மாறி ரூர்க்கி, முசாபர்நகர், மீரட் வயல்களை நோக்கித் தெற்கே ஓடுகிறது.

கால்வாயின் கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. 1837-38ல் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சமவெளி காய்ந்து கருகியது. சுமார் 8 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. வரி வசூலும் படுத்துவிட்டதால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தூக்கம் போனது. கங்கை நீரைத் திருப்பி வயல்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைத் தீட்டியவர் ப்ரோபி காட்லி என்ற ராணுவ அதிகாரி. நிலத்தை நேரில் அளந்து, 1842ல் வேலையைத் தொடங்கி, 1854ல் முடித்தார். ரூர்க்கியில் சோலானி ஆற்றின் மேலே பாலம் போலக் கட்டி, ஆற்றுக்கு மேல் கால்வாயை ஓட விட்டார். இந்த வேலைக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டதால் 1847ல் ரூர்க்கியில் ஒரு கல்லூரி பிறந்தது. இன்றைய ஐ.ஐ.டி. ரூர்க்கி அதுதான்.

கங்கையைச் சிறை வைப்பதா என்று ஹரித்வார் புரோகிதர்கள் அப்போதே எதிர்த்தார்கள். காட்லி சாமர்த்தியசாலி. நீர் தடையில்லாமல் ஓட அணையில் ஓர் இடைவெளி விடுவதாக வாக்குக் கொடுத்தார். படித்துறைகளைச் செப்பனிட்டுத் தந்தார். பிள்ளையார் பூஜை போட்டு வேலையைத் திறந்துவைத்தார். எதிர்ப்பு அடங்கியது.

படித்துறையும்கூட முழுக்கப் புராண காலத்தது அல்ல. விக்கிரமாதித்தன் தன் சகோதரர் பர்த்ருஹரியின் நினைவாகக் கட்டியது என்பது ஐதீகம். ஆனால் 1819ல் நடந்த விழாவில் குறுகலான பாதையில் நெரிசல் ஏற்பட்டு, காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிலர் உள்பட 430 பேர் நசுங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 100 அடி அகலத்தில் 60 படிகள் கொண்ட பெரிய படித்துறையை அரசாங்கம் கட்டியது.

காட்லியின் வாக்குறுதி 60 ஆண்டுகள் தாங்கியது. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீம்கோடாவில் நிரந்தரத் தடுப்பணை கட்டும் திட்டம் வந்தபோது மறுபடி கிளர்ச்சி. இந்த முறை தலைமை தாங்கியவர் மதன் மோகன் மாளவியா. சமஸ்தான மன்னர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். 1916 டிசம்பரில் ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஜேம்ஸ் மெஸ்டன் ஹரித்வாரில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். ஹர் கி பௌரிக்கு வினாடிக்குக் குறைந்தது 1,000 கன அடி நீர் தடையின்றி வர வேண்டும் என்று முடிவானது. இன்றும் மாலை ஆரத்தியை நடத்தும் கங்கா சபா அந்த ஆண்டில் மாளவியா தொடங்கிவைத்ததுதான். மணிக்கூண்டு நிற்கும் தீவுக்கு அவருடைய பெயர்.

ஒரு மதக் கிளர்ச்சி கன அடிக் கணக்கில் முடிந்தது ஆச்சரியம்தான். பக்தர்கள் கேட்டது தாயின் விடுதலை. கிடைத்தது ஓர் அளவு. ஆனால் அந்த அளவு எழுத்தில் இருந்தது. அதனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பண்டாக்களால் அதைச் சுட்டிக்காட்டி வாதாட முடிகிறது.

அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை கண்கூடாகத் தெரியும். தசரா இரவில் பராமரிப்புப் பணிக்காகக் கால்வாயை மூடுவார்கள். திறப்பது தீபாவளியையொட்டித்தான். அந்த இரண்டு மூன்று வாரங்களில் ஹரித்வாருக்கு வருபவர் திகைத்துப்போவார். சீறி ஓடிய கங்கை இருந்த இடத்தில் கூழாங்கல்லும் சேறும்தான் இருக்கும். படித்துறையை ஒட்டி மட்டும் கொஞ்சம் நீர் சலசலக்கும். நடுவே சிறுவர்களும் பெரியவர்களும் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் பக்தர்கள் வீசிய காசுகள். சிலர் கையில் கயிற்றில் கட்டிய காந்தம் இருக்கும். கங்கைக்குப் போட்ட காணிக்கை கடைசியில் ஏழையின் கையில் சேர்கிறது என்பதில் புண்ணியம் குறைந்துவிடாது. ஆனால் ஒரு மதகை இறக்கினால் கங்கை மறைந்துவிடும் என்பதைப் பார்க்கும்போது யாத்ரிகருக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுபோகும்.

அதே வாரங்களில் 220 கி.மீ. தள்ளி டில்லியில் குழாய்களும் தடுமாறும். தலைநகரின் குடிநீரில் ஒரு பங்கு மேல் கங்கைக் கால்வாயிலிருந்து முராத்நகர் வழியாக வருவதுதான். 2006ல் திறக்கப்பட்ட சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையம் இந்த நீரை நம்பிக் கட்டப்பட்டது. கிழக்கு டில்லியின் மயூர் விஹார் போன்ற பகுதிகளில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. கங்கை ஸ்நானத்துக்கு ஒரு நாள் ஹரித்வார் போய் வர வேண்டும் என்று அவர்கள் திட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். ஹர் கி பௌரிக்கு வரும் அதே கங்கை நீர் அவர்கள் வீட்டு வாளியில் தினமும் நிரம்புகிறது.

ஆடி மாதத்தை ஒட்டி வரும் சிராவண மாதத்தில் இதைவிட வேடிக்கையான காட்சி. காவி உடையணிந்த லட்சோப லட்சம் சிவபக்தர்கள் ஹரித்வாரில் கங்கை நீரை முகந்து, காவடியில் கட்டித் தோளில் சுமந்து, தங்கள் ஊர்ச் சிவாலயங்களுக்கு நடந்தே போவார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்துக்கும் டில்லிப் பக்கத்துக்கும் போகிறவர்களில் பலர் நடப்பது மேல் கங்கைக் கால்வாயின் கரைச் சாலையில். தோளில் ஒரு குடம் கங்கை. பக்கத்தில், அதே திசையில், அதே கங்கை. குடம் தரையில் படக் கூடாது என்று விரதம் காக்கும் கால்கள் கொப்புளிக்கின்றன. பக்கத்து நீரை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது கால்வாய்.

ஆக, எது கங்கை, எது கால்வாய் என்று அரசு மட்டுமல்ல, பக்தரும் தன் வசதிப்படிதான் பிரித்துக்கொள்கிறார்.

நீதிமன்றங்களும் குழம்பின. ஹர் கி பௌரி கால்வாயான மூன்றே மாதங்களில், 2017 மார்ச் 20 அன்று, உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் உயிருள்ள நபர்கள், மனிதருக்குள்ள சட்ட உரிமைகள் அவற்றுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் வாய்க்கால், மார்ச்சில் ஆள். பயந்துபோன மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. வெள்ளம் வந்து சேதம் ஏற்பட்டால் ஆற்றின் சார்பில் நஷ்ட ஈடு கொடுப்பது யார் என்று கேட்டது. பல மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு ஒரு மாநிலம் எப்படிக் காப்பாளர் ஆக முடியும் என்றும் வாதிட்டது. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

கால்வாய் உத்தரவோ ஆட்சி மாறிய பிறகும் அசையவில்லை. 2017ல் பதவிக்கு வந்த பா.ஜ.க. அரசு மூன்றரை ஆண்டுகள் அதைத் தொடவில்லை. பண்டாக்கள் தர்ணா இருந்தார்கள். உத்தரவு போட்ட ஹரீஷ் ராவத்தே 2020ல் ஹரித்வாருக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். கும்பமேளா நெருங்கிவிட்ட நிலையில் 2020 நவம்பரில்தான் முதல்வர் திரிவேந்திர சிங் ராவத் உத்தரவை ரத்து செய்தார். கும்பமேளாவில் கோடிக்கணக்கானவர்களைக் கால்வாயில் முழுக அழைப்பது எந்த அரசுக்கும் சங்கடம்தானே.

ஹர் கி பௌரி மறுபடி கங்கையானது. பண்டாக்கள் இனிப்பு வழங்கலாம். ஆனால் கங்கைக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்குப் பதில் படித்துறையில் கிடைக்காது. கிழக்கே நீல் தாராவுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் கரை கொள்ளாமல் ஓடும் அந்தப் பெரிய பிரிவு, கோடையில் பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே வெறும் கல் மைதானமாகக் கிடக்கும். கற்களுக்கு நடுவே நூல் நூலாக நீர். மற்றதெல்லாம் கால்வாய்க்குப் போய்விடுகிறது. ஹர் கி பௌரிக்கு 1,000 கன அடி வேண்டும் என்று வாதாட 1916ல் ஒரு மாளவியா இருந்தார். நீல் தாராவுக்காக அப்படி யாரும் வாதாடவில்லை. ஹர் கி பௌரியில் இருப்பது போன்ற யாத்ரிகர் கூட்டம் அங்கே இல்லை.

இந்த மறக்கப்பட்ட கங்கைக்காக உயிரை விட்டவர்கள் இருந்தது ஹரித்வாரின் இன்னொரு மூலையில். கன்கல் பகுதியில் உள்ள மாத்ரி சதன் சிறிய ஆசிரமம். அதைச் சேர்ந்த இளம் துறவி நிகமானந்தா, ஆற்றுப் படுகையில் கல்லும் மணலும் அள்ளுவதையும் கரையில் இயங்கிய கல் உடைக்கும் ஆலையையும் எதிர்த்து 2011 பிப்ரவரியில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஜூன் 13 அன்று டேராடூன் அருகே ஒரு மருத்துவமனையில் இறந்தார். அதே மருத்துவமனையில், அதற்கு முந்தைய நாள்தான், யோகா குரு ராம்தேவ் தன் ஒன்பது நாள் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார். டிவி கேமராக்கள் அத்தனையும் அங்கே இருந்தன. நினைவிழந்து கிடந்த இன்னொரு சாமியாரைப் பற்றி அவர் இறந்த பிறகுதான் நாடு கேள்விப்பட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து ஜி.டி. அகர்வால். ஐ.ஐ.டி. கான்பூரின் பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலர். அணைகளை எதிர்த்து அவர் இருந்த உண்ணாவிரதங்களின் அழுத்தத்தில்தான் பாகீரதியில் 600 மெகாவாட் லோஹாரிநாக் பாலா மின்திட்டம் 2010ல் கைவிடப்பட்டது. பிறகு துறவு பூண்டு ஞான ஸ்வரூப் சானந்த் ஆனார். கங்கை தடையின்றி ஓடச் சட்டம் வேண்டும் என்று 2018 ஜூன் 22 அன்று மாத்ரி சதனில் கடைசி உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். அக்டோபர் 11 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தபோது அவருக்கு வயது 86. அது 111-வது நாளை எட்டிய உண்ணாவிரதம்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், அக்டோபர் 9 தேதியிட்டு, மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கங்கையில் எப்போதும் ஓட வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவை அது வரையறுத்தது. பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே அக்டோபர் முதல் மே வரை வினாடிக்கு 36 கன மீட்டர், மழை மாதங்களில் 57 கன மீட்டர். அகர்வால் கேட்டது இதைவிட அதிகம்.

36 கன மீட்டர் என்பது சுமார் 1,270 கன அடி. மாளவியா படித்துறைக்காக 1916ல் வாங்கித் தந்தது 1,000 கன அடி. ஒரு நூற்றாண்டு கழித்து, ஆற்றின் தாய்ப்பிரிவுக்கே சட்டம் தந்தது அதைவிட ஒரு கை நீர்தான் அதிகம். கால்வாயின் கொள்ளளவோ சுமார் 10,500 கன அடி. கங்கைக்கு யார் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடும்.

கால்வாய் வில்லன் அல்ல. அது இல்லாவிட்டால் மேற்கு உ.பி.யின் கரும்பும் கோதுமையும் இல்லை, டில்லிக்குத் தண்ணீர் இல்லை. பஞ்சத்தில் எட்டு லட்சம் உயிர்கள் போன நிலம் அது. அங்கே பசியாற்றுவதும் கங்கையின் வேலைதான். ஆனால் பயிருக்கும் குழாய்க்கும் படித்துறைக்கும் பங்கு போட்ட பிறகு ஆற்றுக்கு என்ன மிச்சம் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்ட இரண்டு பேரின் பெயரைச் சொன்னால் படித்துறையில் பலருக்குத் தெரிவதில்லை.

யாத்ரிகரின் பங்கும் இதில் உண்டு. 1915 கும்பமேளாவுக்கு ஹரித்வார் வந்த காந்தி, கங்கைக் கரையை மக்கள் அசுத்தப்படுத்துவதைக் கண்டு மனம் நொந்தார். நூறு ஆண்டுகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. ஜக்ஜீத்பூரில் நாளொன்றுக்கு 6.8 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2020ல் திறக்கப்பட்டது. ஆனாலும், ஹரித்வாரில் கங்கை நீர் குளிக்க ஏற்றது, அப்படியே குடிக்க ஏற்றதல்ல என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2024 டிசம்பரில் அறிவித்தது. படித்துறைக் கடைகளில் எல்லா அளவிலும் பிளாஸ்டிக் கேன்கள் விற்கின்றன. தீர்த்தம் கொண்டுபோக வாங்குகிறார்கள். திரும்பும்போது பழைய துணியையும் பாலித்தீன் பையையும் நீரில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஹரித்வார் போகிறவர்கள் ஹர் கி பௌரியில் முழுகட்டும், ஆரத்தி பார்க்கட்டும், மானசா தேவி குன்றுக்கு ரோப் காரில் ஏறட்டும். கூடவே ஒரு மணி நேரம் ஒதுக்கி, பீம்கோடா தடுப்பணைப் பக்கம் போய் இரண்டு புறமும் பார்ப்பது நல்லது. ஒரு புறம் அளந்து விடப்பட்ட நீர் கரைபுரண்டு ஊருக்குள் போகும். மறுபுறம் கங்கை, கற்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டிருக்கும்.

படித்துறையில் ஓடுவது கங்கை என்பதை நிரூபிக்க நான்கு ஆண்டுகள் போராடியவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆற்றில் ஓடுவதும் கங்கைதான் என்பதை நிரூபிக்க வேண்டியது பாக்கி.